கார் தானா பிரேக் போட்டா டிரைவர் எதுக்கு? பெங்களூரு அனுபவங்கள்

அல்சூர்க்காரன்:
எங்க ஆஃபீஸ் கேப் ஓட்டுற அண்ணன் தர்மபுரிக்காரர். ஓனர் கொடுத்த புது வண்டியில அடாஸ் இருக்கு, அதாவது கேமரா, சென்சார் வச்சு ஓட்டுறவருக்கு உதவுற சிஸ்டம். ஸ்டார்ட் பண்ணதும் ஸ்கிரீன்ல தட்டித் தட்டி லேன் அசிஸ்ட்டை (வண்டியை ரோட்டுக் கோட்டுக்குள்ளேயே வச்சிருக்கிறது) ஆஃப் பண்ணிட்டுத்தான் கியரே போடுவார். ஏன்ணான்னு கேட்டா, "சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக்ல கோடு எங்க தம்பி இருக்கு? இதுல அது வேற ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுக்கும். ஓட்டுறது நானா, அதுவா?"ன்னு எகிறுறார். நியாயம்தானே?

ஓசூர் ரோடு:
பாதி நியாயம். பல வண்டிகள்ல லேன் அசிஸ்ட் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலதான் முழிச்சுக்கும். சில்க் போர்டுல 60ல போனவர் யாராவது இருந்தா காலைத் தொட்டுக் கும்பிடுறேன். அங்க கத்துறது மோதல் எச்சரிக்கையா இருக்கும்.

நானும் டாக்ஸிதான் ஓட்டுறேன். அவுட்டர் ரிங் ரோட்டுல அடாப்டிவ் க்ரூஸ் போட்டுப் பார்த்தேன். நாம செட் பண்ண வேகத்துல, முன்னால போற வண்டிக்கு இடைவெளி விட்டு அதுவே போகும். நம்ம ஊர்ல இடைவெளின்னா ஆட்டோவுக்கு அழைப்பிதழ். ஒண்ணு நுழையும், கார் வேகம் குறையும், மறுபடி இடைவெளி, மறுபடி ஆட்டோ. பின்னால வர்றவன் ஹாரன்லயே நம்ம பரம்பரையை விசாரிப்பான்.

அதே வண்டி மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில தங்கம். 2023 ஆகஸ்ட்டிலிருந்து அந்த மெயின் ரோட்டுல பைக், ஆட்டோவுக்கு அனுமதியில்ல. கோடும் பளிச்சுனு தெரியும். 100க்குள்ள செட் பண்ணிட்டா கேமரா பயமும் இல்ல, முழங்கால் வலியும் இல்ல. கையை மட்டும் எடுக்கக் கூடாது. இங்க விக்கிறது லெவல் 2 வரைக்கும்தான், அதாவது கார் உதவும், ஓட்டுற பொறுப்பு நம்மளது. கையை எடுத்தா அதுவே திட்டும்.

காக்ஸ் டவுன் அக்கா:
எங்கப்பா ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் லாக் ஆகாம தடுக்கிறது) வண்டியில முதல் தடவை அழுத்தி மிதிச்சப்போ பெடல் கடகடன்னு காலை உதைச்சது. "பிரேக் போச்சு"ன்னு நேரா மெக்கானிக்கிட்ட விட்டார். 2019ல புதுக் கார் எல்லாத்துக்கும் அது கட்டாயமாச்சு, இப்ப அதைப் பத்திப் பேச்சே இல்ல. இப்போதைய சண்டை லேன் எச்சரிக்கையோட. "இண்டிகேட்டர் போட்டுட்டு மாறினா கத்தாதுப்பா"ன்னேன். ஜென்மத்துல இண்டிகேட்டர் தொடாத மனுஷன், அது வாயை அடைக்கணும்னே இப்ப போடுறார்.

அல்சூர்க்காரன்:
அண்ணன்கிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். முன்கண்ணாடி உடைஞ்சு மாத்தினதிலிருந்துதான் சும்மா சும்மா இழுக்குதுன்றார்.

ஓசூர் ரோடு:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல! உள்கண்ணாடிக்குப் பின்னால, அந்த முன்கண்ணாடியை ஒட்டித்தான் கேமரா இருக்கு. கண்ணாடியை மாத்தினா கேலிப்ரேஷன் பண்ணியாகணும், அதாவது கேமரா சரியாப் பார்க்குற மாதிரி மறுபடி செட் பண்ணணும். பில்லுல அந்த வரி இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க.