நைலான் 66 கிளிப் பொருத்தும்போதே முறிகிறது: ஈரம் கூடியதாலா, குறைந்ததாலா?

அம்பத்தூர்ப் பட்டறை:

அனைவருக்கும் வணக்கம். வயர்களைப் பிடித்து நிறுத்தும் கிளிப் ஒன்றை, கண்ணாடி இழை கலக்காத நைலான் 66 பிளாஸ்டிக் கொண்டு, 120 டன் (அச்சை மூடிப்பிடிக்கும் விசை) இன்ஜெக்ஷன் மோல்டிங் இயந்திரத்தில் வார்த்துக் கொடுத்து வருகிறோம். கிளிப்பின் எடை 4 கிராம். வளைந்து பூட்டிக்கொள்ளும் நாக்கின் கனம் 1.2 மில்லிமீட்டர். ஐப்பசி மழை பிடித்த பிறகு அனுப்பிய சரக்கில், அசெம்பிளி செய்யும் இடத்திலேயே நாக்கு முறிந்துவிடுகிறது என்று வாடிக்கையாளர் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்புகிறார். அதே அச்சில், அதே கிரேடில் ஆடி மாதம் வார்த்து எங்கள் அலமாரியில் கிடக்கும் மாதிரிகளோ எத்தனை முறை வளைத்தாலும் முறிவதில்லை.

ஈரம்தான் காரணம் என்று எண்ணி, குருணையை (உருக்கப் போடும் பிளாஸ்டிக் மணிகளை) உலர்த்தும் ஹாப்பர் டிரையரை 80 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்கு உயர்த்தி இரவு முழுவதும் ஓடவிட்டேன். குருணை மஞ்சளடித்ததே தவிர முறிவு குறையவில்லை. சில ஷாட்டுகளில் (ஒரு தடவை அச்சில் செலுத்தி வார்ப்பது) மட்டும் மேற்பரப்பில் வெள்ளிக் கோடுகள் தெரிகின்றன. குருணை உருகும் பேரல் 270 முதல் 285 டிகிரி வரை, மோல்டு (அச்சு) 60 டிகிரி. ரன்னரை (அச்சுக்குள் போகும் வழியில் உறைந்து மிஞ்சும் பிளாஸ்டிக்) அரைத்து ஐந்தில் ஒரு பங்கு கலக்கிறோம். வாடிக்கையாளரின் தரப் பிரிவினர் பொருளில் ஈரம் அதிகம் என்கிறார்கள்; குருணை விற்றவரோ கிளிப்பில் ஈரம் போதவில்லை என்கிறார். இவர்களில் யார் சொல்வதை நம்புவது?

பழைய மோல்டர்:

இருவர் சொல்வதும் சரியாக இருக்க வாய்ப்புண்டு, ஐயா. அவர்கள் பேசுவது இரண்டு வேறு ஈரங்களைப் பற்றி. பேரலுக்குள் போகும் குருணையில் இருக்கும் ஈரம் நைலானுக்குப் பகை. வார்த்து முடித்த கிளிப்பில் பிறகு ஏறும் ஈரம் அதற்குத் துணை.

உருகிய நைலானில் நீர் மிகுந்திருந்தால், அது மூலக்கூறுச் சங்கிலியின் அமைடு பிணைப்புகளை அறுத்துவிடும். சங்கிலி குட்டையான பிறகு அந்தக் கிளிப்பை எதில் ஊறவைத்தாலும் பழைய வலு திரும்பாது. ஆனால் சரியாக உலர்த்தி, சரியாக வார்த்த கிளிப்பும் அச்சிலிருந்து விழும் நேரத்தில் எலும்புபோல் உலர்ந்து விறைப்பாகவே இருக்கும். நைலான் 66 முற்றிலும் உலர்ந்திருக்கையில் அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (அதற்குக் கீழே விறைப்பு, மேலே நெகிழ்வு) 70 டிகிரிக்கு மேல் நிற்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அது அறை வெப்பநிலையை நோக்கி இறங்கும். அதற்குப் பிறகுதான் நாக்கு முறியாமல் வளையும். உங்கள் ஆடி மாதக் கிளிப்புகள் மூன்று மாதம் சென்னைக் காற்றைக் குடித்தவை. வார்த்த மறுநாளே பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பியவற்றை அவற்றோடு ஒப்பிடுவது முறையன்று.

எது எது என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. முறிந்த சரக்கிலிருந்து இருபது கிளிப்புகளை எடுத்து, 0.01 கிராம் காட்டும் தராசில் எடை பார்த்து, வெந்நீரில் ஊறப்போடுங்கள். அவ்வப்போது எடுத்துத் துடைத்து நிறுத்துப் பாருங்கள். 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் இழை கலக்காத நைலான் 66 ஏறத்தாழ 2.5 சதவீத நீரைத் தாங்கும், அதாவது 4.00 கிராம் கிளிப் 4.10 ஆகும்போது நிறுத்திவிடலாம். ஒரு நாள் பையில் கட்டிவைத்த பின் நாக்கை வளையுங்கள். வளைந்தால் குருணை விற்றவர் சொன்னது சரி. அப்போதும் முறிந்தால் பேரலில் கெட்டது.

கோவை டூல்ரூம்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் வெள்ளிக் கோடுகளை இலேசாக விட்டுவிடக் கூடாது. அவை ஈரக் குருணையின் கையெழுத்து.

நைலானை வார்ப்பதற்குக் குருணையில் 0.2 சதவீதத்துக்கும் குறைவான ஈரமே இருக்க வேண்டும். சாதாரண ஹாப்பர் டிரையர் வெளிக்காற்றைச் சூடாக்கி ஊதுகிறதே ஒழிய, அந்தக் காற்றிலுள்ள நீரை எடுப்பதில்லை. மழைக்காலச் சென்னையில் காற்றின் பனிநிலை (காற்றிலுள்ள நீர் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 20 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, அதையே 80 டிகிரிக்குச் சூடாக்கி ஊதினால் குருணை ஓர் அளவுக்கு மேல் உலராது.  நீங்கள் வெப்பத்தைக் கூட்டியபோது நைலான் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சளானது. தேவைப்படுவது ஈரம் நீக்கிய காற்றைத் தரும் டிரையர். அதில் பனிநிலை மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே இருந்தால், மூட்டை பிரித்த புதுக் குருணைக்கு 80 டிகிரியில் நான்கு மணி நேரம் போதுமானது. அரைத்த ரன்னர் திறந்த தொட்டியில் கிடந்திருந்தால் இன்னும் நேரம் கொடுக்க வேண்டியிருக்கும். அதை அரைத்த சூட்டோடு மெஷினுக்கே திருப்பிவிடுவது எல்லாவற்றிலும் மேல்.

ஈரமானி வாங்கும் வசதி இல்லாவிட்டால், 275 டிகிரி சூட்டுத் தட்டின் மேல் இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே நாலைந்து குருணைகளை வைத்து அழுத்திப் பாருங்கள். உருகிப் பரவிய வட்டத்தில் ஓரிரு குமிழிகள் இருந்தால் அது சிக்கிய காற்று. நுரைபோல் நிறையக் குமிழிகள் எழுந்தால் ஈரம். பேரலின் முனையான நாசிலிலிருந்து வெளியே விடும் ஷாட்டும் இதையே சொல்லும்: ஈரமான நைலான் நுரைத்துச் சீறும், நாசில் நுனியில் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

அளவுமானி:

வெந்நீர் வைத்தியத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 2.5 சதவீத நீர் ஏறும்போது நைலான் 66 ஏறத்தாழ அரை சதவீதம் நீளும். 40 மில்லிமீட்டர் கிளிப்பில் அது 0.2 மில்லிமீட்டர். வரைபடத்தில் உள்ள அளவு உலர்ந்த நிலைக்கா, ஈரம் ஏறிய நிலைக்கா என்று வாடிக்கையாளரிடம் எழுத்தில் வாங்காமல் சரக்கு முழுவதையும் ஊறவைத்தால், முறிவுக்குப் பதிலாக அளவுக் குறைபாடு என்று அதே பெட்டிகள் திரும்பி வரும். சோதனைக்கு வெந்நீர் சரி. அனுப்பும் சரக்கைப் பையில் அடைக்கும்போது, எடைக்கணக்குப்படி சிறிதளவு நீர் விட்டு மூடி, சில நாள் வைப்பதே நல்லது. அவசரமாக ஊறவைத்தால் நீர் மேல்தோலில் மட்டும் ஏறி நடுப்பகுதி உலர்ந்தே நிற்கும். சுவரின் கனம் இரண்டு மடங்கானால், நீர் உள்ளே போய்ச் சேரும் காலம் நான்கு மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று. 4 கிராம் கிளிப்பை 120 டன் இயந்திரத்தில் எத்தனை கேவிட்டியில் (அச்சிலுள்ள கிளிப் வடிவக் குழி) வார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஷாட் சிறிதாகவும் பேரல் பெரிதாகவும் இருந்தால், நைலான் 285 டிகிரியில் தேவைக்கு மேல் காத்துக்கிடந்து வெப்பத்தாலேயே கெடும். மோல்டை 80 டிகிரிக்கு ஏற்றிப் பாருங்கள். குளிர்ந்த மோல்டில் படிக அமைப்பு முழுமையாக உருவாவதில்லை, கிளிப் பிற்பாடு சூட்டில் சுருங்கும்.

அம்பத்தூர்ப் பட்டறை:

மூவருக்கும் நன்றி. எட்டு கேவிட்டி அச்சு. ரன்னரோடு சேர்த்து ஷாட் 40 கிராமுக்குச் சற்று மேல். ஆகவே பேரலில் காத்துக்கிடக்கும் சிக்கல் பெரிதாக இல்லை என்று எண்ணுகிறேன்.

திரும்பி வந்த பெட்டிகளிலிருந்து, ஷிப்டு வாரியாகப் பிரித்து, இருபது இருபதாக ஊறவைத்துப் பார்த்தேன். பகல் ஷிப்டில் வார்த்தவை 4.10 கிராம் தொட்ட மறுநாள் ஒன்றுகூட முறியாமல் வளைந்தன. காலை முதல் இரண்டு மணி நேரத்தில் வார்த்தவற்றில் பாதிக்கு மேல் அதே எடை ஏறியும் முறிந்தன. வெள்ளிக் கோடு இருந்தவையும் அவைதாம். விசாரித்ததில், இரவில் மெஷினை நிறுத்தும்போது டிரையரையும் நிறுத்திவிட்டு, மீந்த குருணையை ஹாப்பரிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்தது. பிரித்த மூட்டையின் வாயையும் யாரும் கட்டுவதில்லை. கோவை நண்பர் சொன்ன கண்ணாடிச் சோதனையில் அந்தக் குருணை சோப்பு நுரைபோல் பொங்கியது.

ஈரம் நீக்கும் டிரையருக்கு விலை கேட்டிருக்கிறேன். அது வரும்வரை, காலையில் நான்கு மணி நேரம் உலர்த்தாமல் முதல் ஷாட் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம்.

கோவை டூல்ரூம்:

அந்த நான்கு மணி நேரமும் உங்களிடம் இருக்கும் டிரையரில் மழைநாளன்று போதாமல் போகலாம். முதல் ஷாட்டுக்கு முன் கண்ணாடிச் சில்லில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரைத்த ரன்னரையும் இப்போதைக்குக் கலக்க வேண்டாம்.