கண்டவர் இல்லை, கேட்டவர் உண்டு

கல்லடிக்காரன்:

போன சனி இரவு மச்சான் வீட்டில் 'த விட்சர்: சைரன்ஸ் ஒஃப் த டீப்' பார்த்தோம். 2025 பெப்ரவரியில் நெற்ஃபிளிக்ஸில் வந்த அனிமேஷன் படம். கார்ட்டூன்தானே என்று மச்சானின் சின்னவன் பாயையும் தலையணையையும் இழுத்துக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் குந்திவிட்டான். முத்துக் குளிக்கப் போனவர்களின் ரத்தம் திரையில் தெறிக்கவும் மச்சாள் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கவும் சரியாக இருந்தது. பாயோடு சேர்த்து அவனை அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார். கார்ட்டூன் எல்லாம் பிள்ளைகளுக்கு என்று நினைக்கிறவர்கள் கவனம். இது வளர்ந்தவர்களுக்கு எடுத்தது.

கதை பெரிய சிக்கல் இல்லை. கடலோர இராச்சியம் ஒன்று. அதன் இளவரசனுக்கு ஒரு கடற்கன்னி மேல் காதல். நீ காலோடு கரைக்கு வா என்கிறான் அவன். நீ வாலோடு கடலுக்கு வா என்கிறாள் அவள். இடையில் முத்துக் குளிக்கிறவர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். கொன்றது யார் என்று பார்க்க, கூலிக்குப் பூதம் வேட்டையாடும் கெரால்ட் வருகிறான். போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் சிறுகதையில் இருந்து எடுத்த படம். அன்டர்சன் 1837இல் எழுதிய கடற்கன்னிக் கதையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு கதை. வரைந்தது தென்கொரியாவின் ஸ்டுடியோ மிர். ஆக, டென்மார்க்குக் கன்னி, போலந்துக் கதை, கொரியாக்காரர் கை, பார்த்தது மட்டக்களப்புக் கல்லடியில்.

நான் எழுத வந்தது படத்தைப் பற்றி இல்லை, பெத்தாவைப் பற்றி. மூலையில் கதிரையில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவ, சண்டைக் காட்சியில் இடியை நிறுத்திவிட்டுக் கேட்டா:

"இவளுகள் பாடுவாளுகளா மனே?"

"ஓம் பெத்தா, பாடுவாளுகள்."

"பாடுறவளுக்கு ஏன்டா இவ்வளவு பல்லு?"

அன்று இரவு முழுக்க அந்தக் கேள்விதான். நாம் மீன்பாடும் தேனாட்டுக்காரர், வாவிக்குள் மீன் பாடுகிறது என்று சொல்கிற ஊர். ஊரில் சுவரிலும் சிலையிலும் மீன்மகள் இருக்கிறாள். ஆனால் அவளைக் கண்டேன் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டேன் என்று சொன்னவர்கள்தான் இருக்கிறார்கள். பேய், முனி, பூதம் எதை எடுத்தாலும் நம் பக்கத்துக் கதைகளில் அது கண்ணுக்கு வருவதற்கு முன் காதுக்குத்தான் வருகிறது. அந்தக் கதைகளை இங்கே போடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஆரோ சொன்னது வேண்டாம், உங்கள் காதால் கேட்டது வேண்டும்.

வாவிக்கரையான்:

சரி, நான் தொடங்குகிறேன். அப்பா வீச்சுவலைக்காரர். எனக்குப் பதினொரு வயது, சித்திரைப் பறுவம் கழித்து அடுத்த நாளோ என்னவோ. அந்தக் காலத்தில் கல்லடியில் ஒரே ஒரு பாலம்தான், 1924இல் கட்டிய இரும்புப் பாலம். அதற்குக் கொஞ்சம் தள்ளித் தோணியை நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் நிமிர்த்தி இறக்கினார். மேல் நுனியை என் காதோடு வைத்து, "மூச்சைப் பிடி" என்றார்.

முதலில் கேட்டது என் நெஞ்சு அடிக்கிற சத்தம். பிறகு தோணியில் தண்ணீர் சளப் சளப் என்று தட்டுவது. அதுவும் போன பிறகு அடியில் ஒன்று இருந்தது. பாட்டு என்றால் நம்ப வேண்டாம், பாட்டு இல்லை. ஒரு ராகமும் இல்லை. கூத்துத் தொடங்க முன்னம் ஆளுக்காள் தனித்தனியாகச் சுதி பிடித்துப் பார்ப்பார்களே, ஒருவர் கீழே, ஒருவர் மேலே, ஒருவரை ஒருவர் சட்டை செய்யாமல்? அப்படி. ஆனால் நூறு பேர், அதுவும் அடுத்த ஊரில்.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்காரர் 1848இல் இங்கே வந்து, நிலவு கிளம்பிய பிறகு மீனவரோடு தோணியில் போய் இதைக் கேட்டிருக்கிறார். ஈர விரலால் வைன் கிளாஸின் விளிம்பைத் தேய்த்தால் வரும் சத்தம் போல என்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் வைன் கிளாஸ் இருக்கவில்லை, அதனால் எனக்குக் கூத்துத்தான் ஞாபகம் வந்தது. ஒரே சத்தம் இல்லை, சின்னச் சின்னதாய்ப் பல சத்தம் என்று அவர் சொன்னது மட்டும் அச்சொட்டு.

இன்னொன்று. மீன் பாடுகிறது என்பதெல்லாம் ரவுண்காரர் பேச்சு. அப்பா கடைசி வரைக்கும் ஊரி என்றுதான் சொன்னார். சேற்றில் கிடக்கிற அந்தச் சின்னச் சிப்பிதான் அழுகிறதாம். டெனன்டுக்கும் மீனவர்கள் அள்ளிக் காட்டியது ஊரியைத்தான். மீனா, ஊரியா, கல் இடுக்கில் ஓடும் தண்ணீரா என்று இன்றைக்கும் ஆட்கள் அடிபடுகிறார்கள், அடிபடட்டும்.

கொஞ்ச நேரத்தில் அப்பா துடுப்பைப் பறித்துவிட்டார். "காணும். கன நேரம் கேட்டா, கேக்கிறது நீதான் எண்டு அதுகளுக்கு விளங்கிரும்."

எனக்கு அன்று வந்த பயம் எந்தப் படத்திலும் வரவில்லை.

நாவலடியாள்:

நானும் அந்தப் படத்தைப் போட்டேன். கடலுக்கடியில் போகிற காட்சி வந்ததும் நிறுத்திவிட்டேன். மிச்சத்தைப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். 2004 மார்கழி 26 காலையில் நான் கேட்ட சத்தத்தை இங்கே எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். மற்றவர்களின் கதைகளை வாசிக்கிறேன், எழுதுங்கள்.

வட்டைக்காவலன்:

தம்பிலுவில் பக்கம் நாங்கள். பேய் என்றால் எங்களுக்கு வாவி இல்லை, வயல். களவெட்டி என்கிற நெற்களத்தில் சூடு அடிக்கிற இரவுகளில் பெத்தப்பா எங்கள் வாயைக் கட்டிவிடுவார். நெல் என்று சொல்லக் கூடாது, பொலி. கடகம் என்று சொல்லக் கூடாது, பெருவாயன். 'முடிஞ்சுது', 'இல்லை' என்ற சொற்கள் களத்துக்குள் வரவே கூடாது. பூதங்கள் வேலிக்கு வெளியே நின்று காது கொடுக்குமாம். நாம் என்ன பேசுகிறோம் என்று விளங்கினால் பொலியை அள்ளிக்கொண்டு போய்விடுமாம். யோசித்துப் பாருங்கள், மேலே உள்ள கதைகளில் நாம் அதைக் கேட்கிறோம். இங்கே அது நம்மைக் கேட்கிறது.

எனக்கு நடந்தது இது. பதினைந்து வயது இருக்கும். பெத்தப்பாவும் நானும் காவல் குடிலில். பனி கொட்டுகிறது. நடுச்சாமம் கழிந்து தூரத்தில் ஆரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர், வெளியாருக்குத் தெரியாது. எழும்பினேன். பெத்தப்பா என் சாரனைப் பிடித்து இழுத்து இருத்தினார். வாயில் விரல். "மூண்டு தரம் கூப்பிட்டாத்தான் மனிசன்."

இரண்டாவது தரம் கூப்பிட்டது. இப்போது கொஞ்சம் கிட்ட. என் உடம்பில் இருந்த மயிரெல்லாம் எழும்பி நின்றது. பெத்தப்பா கண்ணை மூடிக்கொண்டு கண்ணகைத் தாயே என்றார். பிறகு ஒன்றும் இல்லை. தவளைகூடக் கத்தவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும், எனக்கு ஐந்து மணித்தியாலம்.

மூன்றாவது கூப்பாடு தூஷணத்தோடு வந்தது. அப்பா. தேத்தண்ணிப் போத்தலோடு வந்தவர் வாய்க்காலில் வழுக்கி விழுந்து, தொடை மட்டும் சேற்றுக்குள் புதைந்து, ரோச் லைற்றும் தண்ணீருக்குள் போய், நாங்கள் வந்து தூக்குவோம் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு மாதம் பெத்தப்பாவோடு பேசவில்லை.

கல்லடிக்காரன்:

வட்டைக்காவலன், இதை பெத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரிக்கவே இல்லை. "பெத்தப்பன் செஞ்சதுதான் சரி" என்றா.

அக்கரைப்பற்று ராத்தா:

எங்கள் வீட்டில் அந்தப் படத்தைப் பிள்ளைகள் பார்க்கவில்லை, நானும் மகனின் ஃபோனில் துண்டு துண்டாகத்தான் பார்த்தேன். பூதத்தை வெட்ட வாள் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் மூத்தும்மா சுடுதண்ணி ஊற்றுவதென்றாலும் பிஸ்மி சொல்லித்தான் வெளியே ஊற்றுவார். மண்ணில் ஜின்னுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தால் சுட்டுவிடும், ஒதுங்கச் சொல்லிவிட்டு ஊற்ற வேண்டும் என்பார். அவருக்கு அது பயம் இல்லை. பக்கத்து வீட்டாருக்குக் காட்டுகிற மரியாதை மாதிரி.

சொந்தக் காதால் கேட்டதைக் கேட்டீர்கள். நான் கல்யாணம் முடித்த புதிது. மஃரிபுக்குக் கிட்ட, கிணற்றடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆரோ உடுப்புத் துவைக்கிற சத்தம். கல்லில் அடித்து, பிழிந்து, திரும்ப அடித்து. அந்த வீட்டார் கொழும்புக்குப் போய் ஒரு மாதம். சொந்தக்காரர் ஆரும் வந்திருப்பார்கள் என்று நினைத்து "ஆரு, எப்ப வந்த?" என்று கேட்டேன். சத்தம் நின்றது. பதில் இல்லை. உம்மா உள்ளேயிருந்து, "ஆரோட புள்ள பேசுற?" என்றார். மீனைச் சட்டியோடு விட்டுவிட்டு வந்துவிட்டேன். பூனைக்கு நல்ல வேட்டை.

காலையில் காக்கா (அண்ணன்) மதிலில் ஏறிப் பார்த்தார். துவைக்கிற கல் நனைந்திருந்தது. பனி என்றார். பனி கல்லுக்கு மட்டும் பெய்யுமா?

எண்பத்தாறு:

இதை எல்லாம் வாசிக்கப் பொறாமையாக இருக்கிறது. நான் 86இல் பிறந்தவன். எங்கள் செட்டுக்கு இரவு வாவி என்ற ஒன்றே இருக்கவில்லை. யுத்த காலம், பாலத்தில் சென்றி. பொழுது பட்டால் தோணி இறங்காது. மீன் பாடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் பாடமாகத்தான் படித்தோம், அதுவும் சோதனைக்கு. எங்கள் வீட்டில் இரவில் காது கொடுத்துக் கேட்டதெல்லாம் வேறு சத்தங்கள். நாய் ஒரு ஒழுங்கையில் குரைக்கத் தொடங்கி அடுத்த ஒழுங்கைக்குப் போவதை வைத்து, வருகிறவர்கள் எத்தனை வீடு தள்ளி நிற்கிறார்கள் என்று அம்மா கணக்கு வைத்திருந்தா. கதவைத் தட்டினால் மூன்றாம் தரத்துக்குக் காத்திருந்து திறக்கிற வழக்கமெல்லாம் அப்போது செல்லாது.

2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு ஒரு பறுவத்துக்கு நாலு பேர் தோணி பிடித்துப் போனோம். ஃபோனில் பதிவு செய்வோம் என்று பெரிய ஏற்பாடு. 1954இலேயே ஒரு யேசுசபைப் பாதிரியார் இதைப் பதிவு செய்து, இலங்கை வானொலியில் போட்டிருக்கிறார்கள். எங்களால் முடியாதா? ஒரு மணித்தியாலம் பதிவு செய்தோம். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், பாலத்தில் போகிற லொறி, ஓட்டோ, மறுபடி லொறி. நடுவில் ஒரு மெல்லிய ஊங்காரம். நாலு பேரும் துள்ளிக் குதித்தோம். திரும்பக் கேட்டால், கூட வந்தவன் மூக்கடைத்து மூச்சு விடுகிறான்.

துடுப்பை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லித் தரவேண்டிய வயதில் சொல்லித் தர ஆள் வாவிக்குப் போகவில்லை.

கோடும் புள்ளியும்:

நான் கல்லடியில் சித்திரம் படிக்கிற பிள்ளை. படத்தைப் படிப்புக்காகப் பார்த்தேன். சண்டைக் காட்சிகளின் வேகம், தண்ணீருக்குள் முடி அசைகிற விதம், எல்லாம் அபாரம். குறை சொல்லவே முடியாது. ஆனால் பெத்தா சொன்னது சரி. பயமுறுத்த வேண்டும் என்றதும் முதலில் பல்லைத்தான் வரைகிறோம், நானும் அதைத்தான் செய்தேன்.

ஒரு வருஷமாகப் பத்து செக்கன் ஓடுகிற ஒரு துண்டுப் படம் செய்யப் பார்க்கிறேன். செக்கனுக்கு 24 சட்டம் (ஃபிரேம்). ஒரு வரைபடத்தை இரண்டு சட்டத்துக்குப் பிடித்தாலும் 12 வரைய வேண்டும், பத்து செக்கனுக்கு 120. மீன்மகளின் முகத்தை மட்டும் முப்பது தரம் வரைந்து கிழித்திருக்கிறேன். அழகாக வரைந்தால் கலண்டர். கோரமாக வரைந்தால் இந்தப் படத்தின் கள்ளக் கொப்பி.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் நம் வாவியின் இசையைப் பற்றி ஒரு பாட்டே எழுதியிருக்கிறார். அவர் வைத்த பெயர் நீரர மகளிர், அதாவது நீரில் வாழும் தெய்வப் பெண்கள். யாழைத் தேடித் தேடி 1947இல் யாழ் நூலை வெளியிட்ட மனிதர். அந்தப் பாட்டைத் திரும்ப எடுத்து வாசித்தேன். என் மனதில் நின்றது ஓசைதான், உருவம் இல்லை.

அதனால் நேற்று முழுவதையும் மாற்றிவிட்டேன். மீன்மகள் வரமாட்டாள். ஒரு துடுப்பு, ஒரு பொடியனின் காது, அவ்வளவும்தான் பத்து செக்கனும். வாவிக்கரையான் அண்ணா, குறை நினைக்காதீர்கள், உங்கள் கதையைத்தான் எடுத்திருக்கிறேன். சரியாக வரைய மூன்று விஷயம் வேண்டும். எந்தக் காது? தோணியில் விளக்கு இருந்ததா? துடுப்பு நுனி காதில் பட்டபோது எப்படி இருந்தது?

வாவிக்கரையான்:

எடுங்கோ பிள்ளை, அதிலென்ன.

இடது காது. விளக்கு கொளுத்தவில்லை, நிலவு காணும். துடுப்பு சில்லென்று நனைந்திருந்தது, அப்பாவின் கை பட்ட இடம் மட்டும் சூடு. ஒரு மீன் செதிலும் ஒட்டியிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. காதுக்குள் என்னமோ மினுங்குது என்று அடுத்த நாள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அம்மாதான் எடுத்தா.