புதுப்பிப்பு: ரைட்டரில் சுருக்கத்துக்குப் பின் தானாக வரும் பெரிய எழுத்து, தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. லிப்ரெஆபிஸ் ரைட்டர் என்ற ஆவணம் எழுதும் மென்பொருளில் தாவரப் பெயர் அடிக்கும்போது, வகையைக் குறிக்கும் 'வார்.' (var.) என்ற சுருக்கத்துக்கு அடுத்த சொல் பெரிய எழுத்தில் தொடங்கிவிடுகிறது என்று கேட்டிருந்தேன்.

புள்ளிக்குப் பின் தானாகப் பெரிய எழுத்துப் போடும் அந்த வசதியையே நிறுத்திவிடலாம் என்றார்கள் சிலர். மற்ற வாக்கியங்களுக்கு அது எனக்கு வேண்டும். விதிவிலக்கில் சேர்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது: டூல்ஸ், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ், எக்செப்ஷன்ஸ். சுருக்கங்களுக்கான பெட்டியில் புள்ளியோடு சேர்த்து எழுதி 'நியூ' அழுத்த வேண்டும்.

எதிர்பாராதது: முதலில் பலனே இல்லை. இந்தப் பட்டியல் மொழிவாரியானது. மேலே அமெரிக்க ஆங்கிலம் தேர்வாகியிருந்தது, என் ஆவணமோ இந்திய ஆங்கிலம். மொழியை மாற்றிச் சேர்த்ததும் சரி. ஏற்கெனவே அடித்தவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். அப்புறம், அபூர்வமாக வரும் சுருக்கமென்றால், எழுத்து மாறிய உடனே கன்ட்ரோல்+இசட் அழுத்தினாலே போதும்.