குழந்தை உரிமைப் பணியில் கடைக்கோடிக் குடும்பங்கள் விடுபட்டுப் போவது ஏன்?

கேள்வி (பதிவிட்டவர்: ஒருங்கிணைப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம். சமுதாய மேம்பாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றில் குழந்தைகள் சார்ந்த திட்டத்தை ஒருங்கிணைத்து வருகிறேன். மாலைநேரக் கற்றல் மையம், குழந்தைகள் குழு, பெற்றோர் கூட்டம் ஆகிய மூன்றுமே எங்கள் பணியின் பெரும்பகுதி. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் எல்லாம் நன்றாக நடப்பதாகவே தோன்றும். நிதி வழங்குபவர்களும் நிறைவோடுதான் இருக்கிறார்கள். ஆனால் பதிவேட்டில் உள்ள பெயர்களைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால், ஓரளவு காலூன்றிய குடும்பங்களின் பிள்ளைகளே மூன்று இடங்களுக்கும் திரும்பத் திரும்ப வருவது தெரிகிறது. வேலை தேடிச் செல்லும் பெற்றோருடன் இடம்பெயர்ந்து திரும்பும் பிள்ளைகள், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டில் நிறுத்தப்பட்ட சிறுமிகள், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள், அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவைத்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் ஆகியோரை எங்கள் பணி இன்னும் சென்றடையவில்லை.

எனக்குள்ள ஐயங்கள் மூன்று. விடுபட்டவர்களை, அவர்கள்மேல் இன்னொரு முத்திரை விழாதவாறு, எப்படி உள்ளே கொண்டுவருவது? உரிமை என்ற பேச்சை எடுத்தாலே, பிள்ளைகளைத் தங்களுக்கு எதிராகத் தூண்டிவிடுகிறோம் என்று நினைக்கும் பெற்றோரிடம் எங்கிருந்து தொடங்குவது? எங்கள் குழந்தைகள் குழு ஆண்டு விழாவில் பேசுகிறது, வரவேற்புரை வாசிக்கிறது. அதற்கு மேல் அதற்கு ஒரு வேலையும் இல்லை. அதை உண்மையான குழுவாக்குவது எப்படி? களத்தில் பணியாற்றியவர்கள் தங்கள் கருத்தைப் பகிர்ந்தால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (பதிவிட்டவர்: கள ஆய்வாளர்)

உங்கள் முதல் ஐயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மையத்திற்கு வந்தவர்களை எண்ணும் பதிவேடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், வராதவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆகவே பணிப்பகுதியில் உள்ள எல்லா வீடுகளையும் கொண்ட சமூக வரைபடம் ஒன்றை மக்களைக் கொண்டே வரையுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைக் குறித்துவிட்டு, அதன்மேல் உங்கள் வருகைப் பதிவேட்டைப் பொருத்திப் பாருங்கள். ஒரே கூட்டத்தில் வரைந்தால், அந்தக் கூட்டத்திற்கே வராத வீடுகள் வரைபடத்திலும் விடுபடும் என்பதால், பெண்களோடு தனியாகவும் பிள்ளைகளோடு தனியாகவும் வரையச் சொல்லி ஒப்பிடுவது நல்லது. பெரியவர்கள் கணக்கில் சேர்க்காத தற்காலிகக் குடிசைகளையும் தனித்து நிற்கும் வீடுகளையும் பிள்ளைகள் பெரும்பாலும் குறித்துவிடுவார்கள்.

வரைபடம் கிடைத்த பிறகு, ஏன் வரவில்லை என்று கேட்பதைவிட, வருவதற்கு எது தடையாக இருக்கிறது என்று கேளுங்கள். முன்னது குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கும். பின்னதற்குத் திட்டத்தைத் திருத்த உதவும் விடை கிடைக்கும். நேரமே தடையாக இருக்கலாம்: சிறுமிகள் வீட்டு வேலையில் மூழ்கியிருக்கும் மாலைப்பொழுதை மையத்தின் நேரமாக வைத்துவிட்டு அவர்கள் வரவில்லை என்று நாம் வருந்துவதில் பொருளில்லை. தம்பி தங்கைகளையும் அழைத்து வரலாம் என்று அனுமதித்து, அவர்களுக்கு ஓர் ஓரத்தில் விளையாட இடம் ஒதுக்கினால், அந்தச் சிறுமிகளில் பலரும் வரக்கூடும். படிக்கட்டும் குறுகிய வாயிலும் சிலருக்குத் தடை. இடம்பெயரும் குடும்பங்களைப் பொறுத்தவரை, சேர்க்கை நாளைத் தவறவிட்டவர் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும் என்ற விதியே தடை.

ஆவணம் இல்லாதது இன்னொரு தடை. குழந்தை பிறந்தவுடனே பதிவுசெய்யப்பட வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 7ஆம் உறுப்பு கூறுகிறது. ஆயினும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 15 கோடிப் பேருடைய பிறப்பு பதிவாகவில்லை என்று யுனிசெஃப் 2024ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. பதிவில்லாத பிள்ளை பள்ளிச் சேர்க்கை, தடுப்பூசி, உதவித்தொகை என ஒவ்வொரு வாயிலிலும் திருப்பி அனுப்பப்படும் ஆபத்தில் இருக்கிறது. வயதை நிறுவ முடியாததால், வேலையிலிருந்தும் சிறுவயதுத் திருமணத்திலிருந்தும் அதைக் காப்பதும் கடினமாகிறது. நீங்கள் மையம் நடத்தும் நேரத்தில் ஒரு பகுதியைப் பதிவுக்கான மனு எழுதவும் அலுவலகத்திற்கு உடன் செல்லவும் ஒதுக்கினால், வருகைப் பதிவேட்டில் அது தெரியாது. ஆனால் பல மாதப் பாடங்கள் தராத பயனை அது தரும்.

முத்திரை விழாமல் இருக்க நான் பரிந்துரைப்பது, வாயிலை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, கூடுதல் உதவியை மட்டும் தேவையுள்ளவர்களுக்குச் சத்தமில்லாமல் கொண்டுசேர்ப்பது. பிறர் முன்னிலையில் பெயர் சொல்லி அழைத்துப் பொருள் வழங்குவதும் பயனாளி என்று அட்டை மாட்டிவிடுவதும் அந்த ஒருநாள் படத்திற்காக ஒரு குழந்தையின் மதிப்பை விலையாகக் கேட்கின்றன. அறிக்கையிலும் மொத்த எண்ணிக்கையை மட்டும் தராமல், பாலினம், மாற்றுத்திறன், இடப்பெயர்வு, சமூகப் பிரிவு வாரியாகப் பிரித்துத் தாருங்கள். பாகுபாடின்மையைப் பேசும் 2ஆம் உறுப்பை நடைமுறையில் அளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பதில் 2 (பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற ஆசிரியை)

பெற்றோரைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் கருத்தைச் சொல்கிறேன். உடன்படிக்கையை முழுவதும் படித்தவர்கள் அதைப் பெற்றோருக்கு எதிரானது என்று சொல்ல மாட்டார்கள். குழந்தையின் வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்ப வழிகாட்டும் பெற்றோரின் பொறுப்பையும் உரிமையையும் அரசுகள் மதிக்க வேண்டும் என்று 5ஆம் உறுப்பு கூறுகிறது. வளர்க்கும் பொறுப்பை நிறைவேற்ற அவர்களுக்கு உதவ வேண்டும் என்று 18ஆம் உறுப்பும், போதிய வாழ்க்கைத்தரத்தை அளிக்க இயலாத பெற்றோருக்குத் துணைநிற்க வேண்டும் என்று 27ஆம் உறுப்பும் கூறுகின்றன. ஆகவே முதல் கூட்டத்திலேயே பெற்றோர் என்னென்ன செய்யக்கூடாது என்று பட்டியலிடாமல், தங்கள் பிள்ளைக்காக அவர்கள் யாரிடம் எதைக் கேட்க முடியும் என்பதிலிருந்து தொடங்குங்கள். பள்ளியில் அடி வாங்கிய பிள்ளைக்காகவும் மருந்து கிடைக்காத பிள்ளைக்காகவும் பேச வழி தெரியாமல் இருந்த பெற்றோர்தான் உரிமை என்ற பேச்சின் முதல் ஆதரவாளர்களாக மாறுகிறார்கள்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024இல் ஏறத்தாழ 13.8 கோடிக் குழந்தைகள் குழந்தைத் தொழிலாளர்களாக இருந்தார்கள். அவர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் வேளாண்மையில் உள்ளவர்கள். 2000ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 24.6 கோடியாக இருந்தது என்பதால் முன்னேற்றம் உண்மையானதே. ஆயினும் 2025க்குள் முற்றிலும் ஒழிப்பது என்ற உலக இலக்கு எட்டப்படவில்லை. குடும்பத் தொழிலில் பிள்ளை கைகொடுப்பது எல்லாமே குழந்தைத் தொழில் ஆகிவிடாது. வயது, வேலையின் தன்மை, நேரம், படிப்புக்கு அது தரும் இடையூறு ஆகியவற்றைப் பார்த்தே அது முடிவாகிறது. வேலைக்கான குறைந்தபட்ச வயது பற்றிய, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டின் 138ஆம் எண் உடன்படிக்கையே இலகுவான வேலை என்ற தனிப் பிரிவை வைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பெற்றோரிடம் நேர்மையாகப் பேசாமல், எல்லா வேலையையும் ஒரே தட்டில் வைத்துக் கண்டித்தால், உண்மையிலேயே ஆபத்தான வேலையைப் பற்றி நாம் பேசும்போதும் காதுகொடுக்க மாட்டார்கள்.

பிள்ளை பள்ளிக்குப் போனால் வீடு எதை இழக்கிறது என்பதையும் கணக்கிட வேண்டும். மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய பிராக்ரெசா திட்டம் இந்தக் கணக்கை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதை நிபந்தனையாக வைத்துத் தாய்மாரின் கையில் பணம் கொடுத்தது. இடைநிலை வகுப்புகளில் சிறுமிகளுக்குக் கூடுதல் தொகை தந்தது. இடைநிலைப் பள்ளிச் சேர்க்கை, குறிப்பாகச் சிறுமிகளின் சேர்க்கை, உயர்ந்ததை ஆய்வுகள் காட்டின. உங்களைப் போன்ற சிறிய அமைப்பால் பணம் கொடுக்க இயலாது. இருக்கும் அரசு உதவிகளைத் தகுதியுள்ள குடும்பம் பெறும்வரை உடன் நிற்க இயலும்.

பதில் 3 (பதிவிட்டவர்: மாற்றுக்கருத்தாளர்)

மேலே உள்ள இரு பதில்களும் பயனுள்ளவை என்றாலும், இரண்டுமே குடும்பங்களையும் உங்கள் மையத்தையும் மட்டுமே திருத்தப் பார்க்கின்றன என்பது என் குறை. உரிமை என்றால் அதை நிறைவேற்றக் கடமைப்பட்ட ஒருவர் இருக்க வேண்டும். அந்தக் கடமையின் முதன்மைப் பங்கு அரசுடையது. உடன்படிக்கையின் 4ஆம் உறுப்பு, அரசுகள் தங்களிடமுள்ள வளங்களின் உச்ச அளவுக்குக் குழந்தைகளின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்காகச் செயல்பட வேண்டும் என்கிறது. பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை இருக்கும்போது தொண்டு நிறுவனம் மாலை மையம் நடத்தி அந்தக் குறையை மறைத்தால், பற்றாக்குறை யாருக்கும் உறுத்தாமல் போய்விடுகிறது. மையத்தை மூடிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மையத்திற்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியில் எது கிடைக்கவில்லை என்பதைப் பதிவுசெய்து, அந்தப் பதிவைப் பெற்றோர் கையில் கொடுத்து, பொறுப்பான அலுவலரிடம் எழுத்தில் பதில் கேட்க வையுங்கள். அப்போதுதான் அது உரிமைப் பணி ஆகும். அதுவரை அது தனிப்பயிற்சி வகுப்புதான்.

வரவு செலவுத் திட்டத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தைகளின் உரிமைகளை நிறைவேற்றுவதற்கான பொது நிதி ஒதுக்கீடு குறித்து, உடன்படிக்கையின் நடைமுறையைக் கண்காணிக்கும் ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் குழு 2016இல் 19ஆம் பொதுக் கருத்துரையை வெளியிட்டது. போதுமான அளவு, திறம்பட்ட பயன்பாடு, சமத்துவம், வெளிப்படைத்தன்மை ஆகியவற்றை அது ஒருங்கே வலியுறுத்துகிறது. உள்ளாட்சி அமைப்பு குழந்தைகளுக்கென ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, எந்தக் குடியிருப்பில் செலவானது என்ற கேள்விகளைப் பொதுக்கூட்டத்தில் எழுப்பும் சமூகத் தணிக்கைக்குப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை.

இன்னொன்று: சமுதாயம் என்று நாம் ஒருமையில் சொல்வதற்குள் ஆள்பவர்களும் ஆளப்படுபவர்களும் இருக்கிறார்கள். திட்டக் குழுவில் நிலமும் செல்வாக்கும் உள்ளவர்கள் அமர்ந்திருந்தால், ஒதுக்கப்பட்ட குடும்பத்தின் பிள்ளை வராதது அந்தக் குழுவின் கண்ணுக்கு ஒரு சிக்கலாகவே படாது. பங்கேற்பு என்ற பெயரில் அவர்களுடைய முடிவுக்கு நாமும் ஒப்புதல் கொடுத்துவிடக் கூடாது.

ஒருங்கிணைப்பாளர்

மூவருக்கும் நன்றி. மூன்றாவது பதிலைப் படித்துச் சற்றுத் தயங்கினேன். அலுவலர்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கினால் எங்கள் அனுமதிகளுக்கு இடையூறு வரலாம் என்று நிர்வாகம் அஞ்சும். ஆனால் பெற்றோரே எழுத்தில் கேட்பது என்ற வழியை அவர்களிடம் முன்வைக்க முடியும் என்று நினைக்கிறேன். குழந்தைகள் குழுவைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகச் சொல்லவில்லை.

பதில் 4 (பதிவிட்டவர்: குழந்தைப் பாதுகாப்புப் பயிற்றுநர்)

விழா மேடையில் வரவேற்புரை வாசிக்கும் குழுவைக் குழந்தைகளின் பங்கேற்பை ஆராய்ந்த ரோஜர் ஹார்ட் 1992இல் விவரித்துவிட்டார். குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக அவர் வகுத்தார். அதன் கீழ்ப்படிகளான கையாளுதல், அலங்காரம், பெயரளவுப் பங்கேற்பு ஆகிய மூன்றையும் அவர் பங்கேற்பாகவே கருதவில்லை. நடைமுறைக்கு எனக்கு அதைவிட உதவியாக இருப்பது குழந்தை உரிமை ஆய்வாளர் லாரா லண்டி 2007இல் முன்வைத்த வரையறை. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் குழந்தையின் உரிமையைக் கூறும் உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பை நிறைவேற்ற, குழந்தை கருத்தை உருவாக்கிக்கொள்ள இடம், அதை வெளிப்படுத்தக் குரல், அதைக் கேட்கும் பொறுப்புடைய ஒருவரின் செவி, முடிவில் அதற்குரிய தாக்கம் ஆகிய நான்கும் வேண்டும் என்கிறார் அவர். நாம் எல்லோரும் குரலுக்குப் பயிற்சி கொடுக்கிறோம். செவியை ஏற்பாடு செய்வதில்லை.

ஆகவே குழுவுக்கு முதலில் ஓர் எல்லையை வகுத்துக் கொடுங்கள்: எந்தெந்த விஷயங்களில் அவர்கள் முடிவெடுக்கலாம், எவற்றில் கருத்து மட்டும் சொல்லலாம் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுங்கள். மையத்தின் நேரம், விதிகள், விளையாட்டுப் பொருள்களுக்கான சிறு தொகை ஆகியவற்றை அவர்களிடமே விடலாம். அவர்கள் எழுப்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு பெரியவர் குறித்த நாளுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால், காரணத்தைக் குழந்தைகளுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். பேச்சாற்றல் உள்ளவர்களே குழுவை நிரப்பிவிடாமல் இருக்க, பொறுப்புகளைச் சுழற்சி முறையில் மாற்றுங்கள். முதல் பதிலில் சொன்ன விடுபட்ட பிள்ளைகளை நேராகப் பெரிய குழுவில் உட்காரவைக்காதீர்கள். தங்களைப் போன்றவர்களோடு சிறு குழுவாகப் பேசிப் பழகிய பிறகு அவர்கள் வரட்டும். வர விரும்பாதவர்களின் கருத்தைப் படமாகவோ எழுத்தாகவோ பெற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது பதிலில் உள்ள சமூகத் தணிக்கையில் குழந்தைகளை ஈடுபடுத்துவதாக இருந்தால் மிகுந்த கவனம் தேவை. செல்வாக்குள்ளவர் முன்னிலையில் ஒரு பிள்ளையை எழுந்து நின்று குற்றம் சொல்லவைப்பது துணிச்சல்போல் தோன்றலாம். கூட்டம் முடிந்து அந்தப் பிள்ளை அதே தெருவுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். குழுவின் கண்டறிதல்களைத் தொகுத்து, பெயர்களின்றி, பெரியவர்கள் முன்வைப்பதே பாதுகாப்பானது.

குழு உண்மையாகவே இயங்கத் தொடங்கினால், ஏதேனும் ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையை உங்களிடம் சொல்லும் நாளும் வரும். அதற்கு முன்பே யார் கேட்பது, என்ன எழுதிவைப்பது, சட்டப்படி யாருக்குத் தெரிவிப்பது, அன்றிரவு அந்தப் பிள்ளை எங்கே பாதுகாப்பாக இருக்கும் என்பவற்றுக்கு எழுத்து வடிவ நடைமுறை இருக்க வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒருபோதும் உறுதி கொடுக்காதீர்கள். உன்னைப் பாதுகாக்கத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லுங்கள். துருவித் துருவி விசாரிப்பதும் நம் வேலை இல்லை. இந்த நடைமுறை எழுதப்பட்டு, தன்னார்வலர்கள் உட்பட எல்லோரும் பயிற்சி பெறும்வரை குழுவை விரிவாக்குவதைத் தள்ளிவைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. அதற்குள் முதல் பதிலில் சொன்ன வரைபடத்தை முடித்துவிடலாம்.