கதரீனா கெப்ளர் தப்பியது மகனாலா, சட்டத்தாலா?

கரிகாலன்: சூனியக்காரி என்ற வழக்கிலிருந்து அவர் தப்பியது, சந்தேகமே வேண்டாம், மகனால்தான். 1615-இல் ஜெர்மனியின் லியோன்பெர்க்கில் ஊர்சுலா ரைன்போல்ட் என்பவர், கதரீனா கொடுத்த கசப்புப் பானம்தான் தன்னை நோயாளி ஆக்கியது என்று கிளப்பிவிட்டார். அந்த ஊர் அதிகாரி ஐன்ஹார்ன் தன் பதவிக்காலத்தில் 15 பெண்கள்மேல் சூனியக் குற்றம் சாட்டி, 8 பேரைக் கொன்றவர். பேரரசரின் கணிதரான யோஹான்னஸ் கெப்ளர் மகனாக இல்லாவிட்டால் கதரீனா ஒன்பதாவது ஆள்.

நிலா: மரண தண்டனைக்குத் தப்பிய மற்றவர்களுக்கு எந்தக் கணிதர் மகன்? பேரரசின் குற்றவியல் சட்டமான 1532-இன் கரோலினாப்படி, கொலைத்தண்டனைக்குக் கண்ணால் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும், இல்லையேல் ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும். போதிய தடயம் இல்லாமல் சித்திரவதையும் கூடாது. அதனால்தான் வழக்குக்கட்டு டூபிங்கன் சட்டப் பேராசிரியர்களிடம் போனது. கருவிகளைக் காட்டி மிரட்டலாம், உடம்பில் கை வைக்கக்கூடாது என்றார்கள்.

கரிகாலன்: தடயம் போதாது என்று அவர்களுக்குக் காட்டியது யார்? 1620 ஆகஸ்டில் கைது. கிழவியைச் சங்கிலியில் பிணைத்து, காவலுக்கு ஆள் போட்டு, கூலியை அவர் சொத்திலேயே பிடித்தார்கள். கெப்ளர் ஆஸ்திரியாவின் லின்ஸிலிருந்து வந்து, விசாரணை முழுக்க எழுத்தில் நடக்கணும் என்று வாதாடி வாங்கினார். வாய்ப்பேச்சாக நடந்திருந்தால் ஊர் வதந்தியே சாட்சியாகியிருக்கும். எழுத்தில் வந்ததால் நோய் எப்போது தொடங்கியது, பானம் எப்போது கொடுக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்க முடிந்தது. இறுதி எதிர்வாதம் மட்டும் 128 பக்கம்.

நிலா: அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் கட்டு கனத்ததில் குடும்பத்துக்கும் பங்குண்டு. ரைன்போல்ட்மேல் அவதூறு வழக்குப் போட்டது சரி. 1616-இல் கதரீனா ஐன்ஹார்னுக்கு வெள்ளிக் கிண்ணம் தருகிறேன் என்றாரே, அடுத்து மகன் இருந்த லின்ஸுக்கும் போய்விட்டாரே! லஞ்சம், ஓட்டம் இரண்டுமே அவருக்கு எதிரான தடயமாகப் பதிவாகின.

அருள்மொழி: இரண்டு பேரும் கதரீனாவை மறந்துவிட்டீர்கள். 1621 செப்டம்பர் 28, கூக்லிங்கன் ஊர். எழுபது தாண்டியவர் முன்னால் தண்டனை நிறைவேற்றுபவன் ஒவ்வொரு சித்திரவதைக் கருவியாகக் காட்டி விளக்குகிறான். உடம்பிலிருந்து நரம்பு நரம்பாக உருவினாலும் ஒப்புக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை என்றார். அங்கே ஒரு சொல் தவறியிருந்தால் 128 பக்கமும் வீண். அக்டோபரில் விடுதலை, 1622 ஏப்ரலில் இறந்தார்.

கரிகாலன்: அவர் உறுதியை யார் மறுத்தது? கருவியைக் காட்டுவதோடு நின்றதற்கு அந்த 128 பக்கம்தான் காரணம் என்கிறேன்.