கிரே ஃபாக்ஸ்: புகழுக்குள் ஒளிந்திருந்த மனிதர்

வீடியோ கேம் ஒன்றில் வரும் புகழ்பெற்ற திருடனான கிரே ஃபாக்ஸுடனான அனுபவத்தைப் பகிர்ந்த நண்பர்கள் பலரும், அவனுக்காக நாம் செய்யும் இறுதிப் பெருந்திருட்டைத்தான் விரிவாக எழுதியிருக்கிறார்கள். எனக்கோ, 2006-இல் வெளிவந்த 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்லிவியன்' என்ற அந்தக் கேம் அந்தத் திருடனின் பெயரை ஊதிப் பெரிதாக்கிய விதமும், அதற்கு அது வைத்திருந்த காரணமுமே இன்றளவும் வியப்பைத் தருகின்றன.

கேமில் வரும் இம்பீரியல் நகரத்தில் ஒட்டப்பட்டிருந்த 'தேடப்படும் குற்றவாளி' சுவரொட்டியில்தான் அவரை முதலில் பார்த்தேன். அவரைப் பற்றி ஊரில் ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. சிலர் அவரைத் தலைமுறைகள் கடந்தும் சாகாதவர் என்றார்கள். சிலர் அப்படி ஓர் ஆளே கிடையாது, எல்லாம் திருடர்கள் கட்டிவிட்ட கதை என்றார்கள். காவல்படைத் தலைவர் ஹைரோனிமஸ் லெக்ஸ் மட்டும் அவர் இருக்கிறார் என்று உறுதியாக நம்பி, ஊணுறக்கமின்றித் தேடிக்கொண்டிருந்தார். நள்ளிரவில் டாரெலாத் தோட்டத்தில் தீப்பந்தத்துடன் நின்ற, திருடர் சங்கத்தைச் சேர்ந்த ஆர்மண்ட் கிறிஸ்டோஃப், ஏழைகளிடம் திருடக்கூடாது, அவர்கள் கிரே ஃபாக்ஸின் நேரடிப் பாதுகாப்பில் இருப்பவர்கள் என்று விதி கூறியபோது, அந்தப் பெயரின் மீது எனக்கே ஒரு மரியாதை பிறந்துவிட்டது.

ஆகவே, புரூமா நகரில் அவரைச் சந்திக்கச் சென்றபோது, மாபெரும் மந்திரவாதியையோ வாள்வீரரையோ எதிர்பார்த்துப் போனேன். அங்கே ஒரு சாதாரண வீட்டில், சாம்பல் நிற முகமூடி அணிந்த ஒரு மனிதர் எனக்காகக் காத்திருந்தார், அவ்வளவுதான்.

உண்மை பிறகுதான் தெரிந்தது. திருடர் சங்கத்தின் முதல் தலைவரான எமர் டாரெலாத், நாக்டர்னல் என்னும் தேவதையிடமிருந்து திருடிய முகமூடி அது. அதை அணிந்தவரின் சொந்தப் பெயரும் அடையாளமும் உலகின் நினைவிலிருந்து அழிந்துவிடும். கிரே ஃபாக்ஸ் என்ற பெயர் மட்டுமே எஞ்சும். ஆள் மாற மாற, முன்னவர் செய்தவையெல்லாம் அடுத்தவர் கணக்கில் சேர்ந்துகொண்டே போயின. இம்முறை அதற்குள் இருந்தவர் ஆன்வில் நகரத்துப் பிரபு கோர்வஸ் அம்பிரானாக்ஸ். முகமூடியைக் கழற்றிவிட்டு எதிரே வந்து நின்றாலும், அவருடைய மனைவி மில்லோனாவுக்குக் கூட அவர் யாரோ ஒரு அந்நியர்தான். மிகைப்படுத்தப்பட்ட புகழுக்கு ஒரு மனிதர் கொடுக்கும் விலையை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொரு கேமை நான் ஆடியதில்லை.

முகமூடி என் கைக்கு வந்ததும் அதன் வேலையை நேரிலேயே கண்டேன். அணிந்த மாத்திரத்தில் என் தலைக்கு 500 பொன் விலை ஏறியது. காவலர்கள் என்னை கிரே ஃபாக்ஸாகவே பார்த்தார்கள். ஒரு மறைவில் போய்க் கழற்றினால் அந்தக் குற்றக்கணக்கு அவர் பெயரிலேயே நின்றுவிட, சற்று முன் என்னைத் துரத்திய காவலரைக் கடந்தே நான் நடந்து செல்ல முடிந்தது.

2025 ஏப்ரலில் வந்த மறுவடிவத்தில் இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லெக்ஸை ஆன்விலுக்கு மாற்றலாக்கும் குவெஸ்ட்டில், போலிக் கடிதம் தயாரித்துத் தரும் அந்நியரிடம் அவசரப்படாமல் நின்று பேசுங்கள். லெக்ஸ் தேடும் ஆள் அவர்தான். அவர் லெக்ஸை அனுப்பி வைப்பதோ தம் சொந்த மனைவியின் கோட்டைக்கு.