அரிய மாஸ், லிவர்வொர்ட் எங்க வளரணும்னு நுண்ணுயிரிகளும் முடிவு பண்ணுதா?

ஈரநிழல்:
வணக்கம் நண்பர்களே, ரொம்ப நாளா உறுத்துற கேள்வி. மட்கின கட்டையில இருந்து அரிதா கிடைக்கிற ஒரு இலை லிவர்வொர்ட்டை (மாஸுக்குச் சொந்தமான, பூ இல்லாத குட்டிச் செடி) அனுமதி வாங்கி கொஞ்சமா எடுத்து, நுனியை மட்டும் வெட்டி, நல்லா கழுவி, ஆட்டோகிளேவ் பண்ண (அழுத்த நீராவியில நுண்ணுயிரெல்லாம் கொன்ன) மண்ணுல வச்சேன். அதே ட்ரேல வச்ச மாஸ் (பாசி) தளதளன்னு வந்துச்சு, இது ரெண்டே மாசத்துல பழுப்பாயிடுச்சு. நிழல், ஈரம், பிஎச் எல்லாம் கட்டையில இருந்த மாதிரியேதான் வச்சிருந்தேன். பூஞ்சை, பாக்டீரியா இல்லாததுதான் காரணமா இருக்குமா?

வேரி:
இருக்கலாங்க. மாஸ்ல பெரும்பாலும் மைக்கோரைசா மாதிரி (வேரும் பூஞ்சையும் சேர்ந்து வாழுற) கூட்டு கிடையாது, லிவர்வொர்ட்ல நிறைய வகைக்கு உண்டு. இலை லிவர்வொர்ட் சிலதுல வேரிக்குள்ள (வேர் மாதிரி பிடிச்சுக்கிற மெல்லிய இழை) இருக்கிற பூஞ்சைதான் ரோடோடென்ட்ரான், புளூபெர்ரி குடும்பத்துச் செடிங்க வேர்லயும் இருக்கு, அந்தச் செடி பக்கத்துல இருந்தா பூஞ்சையும் மண்ணுல தயாரா இருக்கும். இதோட உச்சம்னா அனியூரா மிராபிலிஸ். பச்சையமே இல்ல, வெள்ளையா மண்ணுக்குள்ள, மாஸுக்கு அடியில கிடக்கும், டுலாஸ்னெல்லா பூஞ்சை வழியா பக்கத்து பிர்ச் மரத்தோட சாப்பாட்டை வாங்கித்தான் உயிர் வாழுது. மரம், பூஞ்சை ரெண்டுல எது போனாலும் இதுவும் போச்சு. அரிய வகையைக் காப்பாத்துறோம்னு செடியை மட்டும் பேத்து வேற இடத்துல வைக்கிறதைப் பார்த்தாலே எனக்கு பதறும்.

கட்டைப்பாசி:
கட்டைன்னு சொன்னதால வர்றேன், விழுந்த மரத்துல எந்தப் பூஞ்சை முதல்ல குடியேறுதுங்கிறது பெரிய விஷயம். ஒன்னு லிக்னினையும் (மரத்துக்கு உறுதி தர்ற பொருள்) சேர்த்துத் தின்னு கட்டையை நார் நாரா வெளுக்க வைக்கும், இன்னொன்னு செல்லுலோஸை (மர நாரை) மட்டும் தின்னுட்டு செங்கல் மாதிரி கட்டம் கட்டமா உடைய விடும், ரெண்டுலயும் தண்ணி பிடிக்கிற அளவு, அமிலத்தன்மை எல்லாமே வேற. பட்டை உரிஞ்ச புதுசுல நொவெல்லியாங்கிற லிவர்வொர்ட் வரும், நல்லா மெத்துனு ஆனதுக்கு அப்புறம்தான் பக்ஸ்பாமியா விரிடிஸ் மாதிரி அரிய மாஸ் வரும். அதனால காட்டைச் சுத்தம் பண்றோம்னு கட்டையை இழுத்துட்டுப் போறது இதுங்களுக்கு வீட்டையே இடிச்ச மாதிரி.

அப்புறம் நோய் உண்டாக்குற பூஞ்சையும் சும்மா இல்ல. டெஃப்ரோசைபி பலஸ்ட்ரிஸ்னு ஒரு காளான் ஸ்பேக்னத்தை (சதுப்புல மெத்தை மாதிரி வளர்ற மாஸ்) தின்னு வெளுத்த திட்டு போடும். அடர்த்தியா மூடிக்கிட்டு இருந்த மெத்தையில ஓட்டை விழுந்தா, சின்ன லிவர்வொர்ட்டும் உள்ள நுழைய இடம் கிடைக்குமே.

பனித்துளி:
நைட்ரஜனையும் மறந்துடாதீங்க. பிளாசியா புசில்லாங்கிற லிவர்வொர்ட்டை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, கருநீலப் பொட்டு வச்ச மாதிரி தெரியும், அது ஒவ்வொன்னும் நாஸ்டாக் குடியிருப்பு, அதாவது காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சுக் கொடுக்கிற ஒரு சயனோபாக்டீரியா (ஒளிச்சேர்க்கை பண்ற பாக்டீரியா). சத்தில்லாத வெறும் மண்ணுல அது முதல் ஆளா வர்றதுக்கு இது பெரிய பலம். வடக்குக் காடுகள்ல புளூரோசியம் மாஸ் மேல இருக்கிற சயனோபாக்டீரியா ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 1.5லிருந்து 2 கிலோ நைட்ரஜன் பிடிக்குதுன்னு 2002ல எழுதினாங்க. உரம், புகை வழியா நைட்ரஜன் வந்து கொட்டினா மாஸ் மேல இந்தக் குடியேற்றமே குறைஞ்சிடுது, வேகமா வளர்ற செடிங்க வந்து எல்லாத்தையும் மூடிடும்.

ஆனா உங்க ட்ரேயை வச்சு மட்டும் பூஞ்சை இல்லாததுதான் காரணம்னு முடிவு கட்டாதீங்க ப்ளீஸ். ஆட்டோகிளேவ் பண்ணா மண்ணுல அம்மோனியம், மாங்கனீஸ் வெளிய வரும், அதுவே செடியைக் கொன்னிருக்கலாம். மூணு ட்ரே வைங்க: ஆட்டோகிளேவ் பண்ணாத மண்ணு, ஆட்டோகிளேவ் மண்ணு, ஆட்டோகிளேவ் மண்ணுல பழைய கட்டைத்தூள் ஒரு சிட்டிகை. மூணாவது பிழைச்சா அப்ப பேசலாம்.

ஈரநிழல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரியே மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டேன். கட்டையில இருந்து எடுத்து வச்சிருந்த பழைய சாம்பிள்ல வேரி நுனி தீக்குச்சித் தலை மாதிரி உப்பி, உள்ள இழை இழையா சுருண்டிருக்கு. ட்ரேல செத்ததுல வேரி வந்திருக்கு, ஆனா நுனி நூல் மாதிரி வெறுமையா இருக்கு. நான்தான் கழுவி விட்டிருக்கேன் போல. மூணு ட்ரேயும் இன்னைக்கே வைக்கிறேன், ஒவ்வொன்னுலயும் அஞ்சு நுனி.